ஈஜிபுராவில் ஒரு மயிற்பொறி

பெங்களூர் மாநகரில் விவேக்நகரையும் கோரமங்கலத்தையும் அடுத்து அமைந்திருப்பது ஈஜிபுரா. நம் சங்க அன்பர்களுள் பலர் இப்பெயரைப் பேருந்தின் நெற்றிப் பலகையில் படித்திருப்பர். சிலர் இங்கேயே குடியிருப்பர். சுற்றுலாக் கையேடுகள் இவ்வூரைப் பற்றிப் பேசுவதில்லை. மலையோ, அருவியோ, கோட்டையோ இங்கு இல்லை. முன்னொரு காலத்தில் தனிச் சிற்றூராக இருந்து, நகரம் பெருகப் பெருக அதனுள் அடங்கிவிட்ட பல ஊர்களுள் இதுவும் ஒன்று. எனினும் வேடிக்கை பார்க்கும் கண் உடையவர்க்கு எந்தத் தெருவிலும் ஏதேனும் ஒன்று கிடைக்கும். அத்தகைய ஒரு காட்சியை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈஜிபுராத் தெருக்கள் குறுகியவை. மூன்று மாடி, நான்கு மாடி வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். கீழே மளிகைக் கடை, மேலே வாடகைக் குடித்தனங்கள், அதற்கும் மேலே தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும். ஒரே தெருவில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதும் ஒன்றையொன்று இடறாமல் புழங்கும். பக்கத்தில் 1997ஆம் ஆண்டு தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்கென எழுப்பிய அடுக்குமாடிகள் உயர்ந்து நிற்கின்றன. இவ்வூருக்குத் துயரக் கதையும் உண்டு. நலிந்த பிரிவினர்க்கெனக் கட்டிய குடியிருப்புகள் இடிந்தபின், அந்நிலத்திலேயே தகரக் கொட்டகைகளில் வாழ்ந்துவந்த குடும்பங்கள் 2013ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியேற்றப்பட்டன. அவர்களுள் தமிழ்க் குடும்பங்களும் பல. வீடு என்பது நிலையன்று என்பதை இவ்வூர்ச் சிறுவர்கள் இளமையிலேயே அறிவர். பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்தால் தட்டுமுட்டுச் சாமான்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகும் குடும்பங்கள் இங்கு மிகுதி. ஆகவே இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டுமெனில், அது ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடங்கக் கூடியதாக இருத்தல் நலம்.

அப்படி அடங்கும் கலை ஒன்று உண்டு. பிளாஸ்டிக்கினால் சிறு வாகனங்களைச் செய்வது. அதிலும் உலகில் இல்லாத வாகனங்களை, கற்பனையில் மட்டும் ஓடுவனவும் பறப்பனவும் ஆகிய வாகனங்களைச் செய்து, வண்ணம் தீட்டி, மெய்யானவை போல நிறுத்துவது. இது பிள்ளை விளையாட்டு எனச் சிலர் நகைக்கலாம். மேனாடுகளிலும் ஜப்பானிலும் நரைத்த தலையினரும் இதில் ஈடுபட்டுள்ளனர் என்பதை அவர்கள் அறிதல் வேண்டும்.

இக்கலையின் வரலாறு நீண்டதன்று. இங்கிலாந்தில் 1939ஆம் ஆண்டு தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், பத்தாண்டுகளுக்குப் பின் ஒரு டிராக்டரின் மாதிரியை வார்த்தது. பின்னர்க் கப்பல்களும் போர் விமானங்களும் துண்டு துண்டாகப் பெட்டிக்குள் வந்தன. வாங்குவோர் தாமே ஒட்டிச் சேர்த்துக்கொள்வர். ஜப்பானில் 1946ஆம் ஆண்டு மரவாடியாகத் தொடங்கிய தாமியா நிறுவனம் 1960இல் பிளாஸ்டிக்குக்கு மாறியது. 1980ஆம் ஆண்டு பண்டாய் நிறுவனம் 'குண்டம்' என்னும் கற்பனை இயந்திர வீரனை 300 யென் விலைக்கு வெளியிட்டது. அதன் பிறகு கற்பனை வாகனங்களின் கடை விரிந்துகொண்டே போயிற்று. திரைப்படக் கலைஞர்களும் இதற்குக் கடன்பட்டவர்களே. 1977ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் விண்ணை அடைத்துக்கொண்டு வரும் கப்பல்களின் மேற்பரப்பில் நுணுக்கமாகத் தெரியும் குழாய்களும் பெட்டிகளும், கடையில் விற்கும் டாங்கி, போர்க்கப்பல், பந்தயக் கார் மாதிரிகளிலிருந்து பிரித்து ஒட்டியவையே. ஒன்றின் உறுப்பை எடுத்து மற்றொன்றுக்குப் பொருத்தும் அந்த உத்தியே இக்கலையின் உயிர்நாடி எனலாம்.

நிற்க. கற்பனை வாகனம் என்றவுடன் மேனாட்டையே எண்ண வேண்டுவதில்லை. நம் பெங்களூருக்கே இதில் ஒரு பழங்கதை உண்டு. ஆனேக்கல்லில் வாழ்ந்த பண்டித சுப்பராய சாஸ்திரி என்பவர் 1918 முதல் 1923 வரை, 'வைமானிக சாஸ்திரம்' என்ற பெயரில் வடமொழிச் சுலோகங்களைச் சொல்ல, மற்றொருவர் எழுதிக்கொண்டார். பரத்வாஜ முனிவர் அருளிய பழைய நூல் இது என்றும், முற்காலத்தில் பறந்த விமானங்களின் இலக்கணம் இதில் உள்ளது என்றும் அவர் கூறினார். இங்குள்ள பொறியியல் கல்லூரி ஒன்றில் வரைவாளராக இருந்த எல்லப்பா என்பவர், சாஸ்திரியார் சொன்னவாறு படங்களை வரைந்தார். சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் என நான்கு விமானங்கள். சகுன விமானத்துக்குப் பறவை போலச் சிறகும் வாலும் உண்டு. ருக்ம விமானம் அடுக்கடுக்காகச் சுருங்கி மேலே கூர்மையாக முடியும். 1973ஆம் ஆண்டு மைசூரில் ஜோசியர் என்பார் இதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சிட்டார்.

அடுத்த ஆண்டே இந்நகரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து அறிஞர்கள் இந்நூலை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தனர். அவர்கள் நூலைக் கேலி செய்து ஒதுக்கவில்லை. சுலோகங்களின் மொழிநடையைப் பார்த்தனர். நூல் வந்த வரலாற்றை விசாரித்தனர். படத்திலுள்ள எடையும் வடிவமும் காற்றில் எழுமா எனக் கணக்கிட்டனர். நூல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முற்பட்டதன்று என்பதும், அவ்விமானங்களுள் ஒன்றும் பறக்க வல்லதன்று என்பதும் அவர்கள் கண்ட முடிவுகள். இது 1974ஆம் ஆண்டில். இதே நகரின் பீனியாவில் தொழிற்கொட்டகைகளில் உருவான ஆரியபட்டா என்னும் 360 கிலோ எடையுள்ள செயற்கைக்கோள், 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் சோவியத் நாட்டிலிருந்து ஏவப்பெற்று விண்ணை அடைந்தது. பறக்காத விமானத்தை இன்னதென்று அறிந்து சொன்ன ஊரே, அடுத்த ஆண்டில் பறக்கும் கோளையும் செய்து காட்டியது. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்கும்போது உள்ளத்தில் ஒரு பெருமிதம் எழுகிறது.

இச்செய்திகளை இங்கு எழுதக் காரணம் உண்டு. எங்கள் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கைந்து சிறுவர் சிறுமியர் கூடுவது வழக்கம். அடியேன் இரயில்வேயில் எழுத்தர். பத்தாம் வகுப்புடன் படிப்பு நின்றது. ஆயினும் கைவேலையில் விருப்பம் நிற்கவில்லை. என் மகளும் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் உடனிருக்க, மாதிரி வாகனங்கள் செய்வோம். அவர்களுள் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஒரு நாள் கைப்பேசியில் படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். ருக்ம விமானம் மேகத்தினிடையே பறந்துகொண்டிருந்தது. கணினியில் செய்த படம். "மாமா, இது நிசமாகவே பறந்ததாம். நாமும் இதையே செய்வோம்" என்றான். என் மகள் பறக்கவில்லை என்றாள். இருவருக்கும் வாக்குவாதம் முற்றியது. பறந்தது என்றால் பொய்யாகும். பறக்கவில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், குழந்தையின் கண்ணிலிருந்த ஒளி அணைந்துவிடும். என்ன செய்வது?

அப்போதுதான் சீவக சிந்தாமணி நினைவுக்கு வந்தது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் திருத்தக்கதேவர் இயற்றிய அக்காப்பியத்தில் ஒரு பறக்கும் வாகனம் வருகிறது. ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன், அமைச்சன் கட்டியங்காரனை நம்பி ஆட்சியை அவன் கையில் ஒப்படைத்தான். அரசி விசயை கண்ட தீக்கனவு, வரப்போகும் கேட்டை மன்னனுக்கு உணர்த்தியது. கருவுற்றிருந்த அரசியைக் காக்க மயில் வடிவில் ஒரு பொறி செய்யுமாறு கம்மியனை ஏவினான். பொறியை வலப்புறம் திருப்பினால் மயில் விண்ணில் எழும். இடப்புறம் திருப்பினால் கால்களைக் குவித்து நிலத்தில் இறங்கும். அரசி அதனை இயக்கப் பழகினாள். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்த நாளில் மன்னன் மனைவியை மயிலில் ஏற்றி அனுப்பிவிட்டுப் போர்க்களம் சென்று மாண்டான். மயில் நகரின் புறத்தே சுடுகாட்டில் இறங்கியது. அங்குத்தான் சீவகன் பிறந்தான்.

பிள்ளைகள் வாய் திறவாமல் கேட்டனர். ஆனால் என்னை ஈர்த்தது வேறொன்று. அம்மயிலைச் செய்யக் கம்மியன் எடுத்துக்கொண்ட பொருள்களைப் புலவர் வரிசையாகச் சொல்கிறார். துணிக்கிழி, பிசின், நூல், அரக்கு, மெழுகு முதலியன. நாள் கணக்கும் தருகிறார்: ஏழு நாள். மந்திரத்தால் வந்தது என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம்; அவ்வாறு செய்யவில்லை. பட்டறையில் நின்று பார்த்தவர் போலப் பொருளையும் காலத்தையும் சொல்லியிருக்கிறார். அதனாலேயே கற்பனை நம் கண்முன் உறுப்புகளோடு எழுந்து நிற்கிறது. கதையைக் கதை என்றே தந்தார். அக்கதை ஆயிரம் ஆண்டு வாழ்கிறது. கற்பனையை வரலாறு என்று சொன்ன நூலோ ஓர் ஆராய்ச்சிக்கும் தாங்கவில்லை. இதனைப் பிள்ளைகளுக்கு நான் விரித்துரைக்கவில்லை. "நாம் மயிற்பொறி செய்வோம்" என்று மட்டும் சொன்னேன். உடனே ஒப்புக்கொண்டார்கள்.

பொருள் தேட முதலில் சென்றது, எங்கள் தெருமுனையிலுள்ள காயலான் கடைக்கு. அங்கே ஒரு பாடம் இருக்கிறது. எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல. பொருளின் அடியில் சிறு முக்கோணத்துக்குள் ஓர் எண் பொறித்திருக்கும். 2 என்றும் 5 என்றும் உள்ளவை, அதாவது ஷாம்பு புட்டி, மூடி, வாளி போன்றவை, பசைக்கும் வண்ணத்துக்கும் எளிதில் இணங்கா, ஒட்டினாலும் உரிந்துவிடும். 6 என்ற எண் உள்ளதே நமக்கு உகந்தது. அது பாலிஸ்டைரீன். கடையில் விற்கும் மாதிரி வாகனங்கள் பெரும்பாலும் அதனால் ஆனவையே. பழைய குறுந்தகட்டின் கண்ணாடி போன்ற உறையும் அதுவே. பிள்ளைகள் குப்பைக் குவியலைச் சுற்றி அமர்ந்து ஆறாம் எண்ணைத் தேடிய காட்சியைக் கடைக்காரர் நெடுநேரம் பார்த்துச் சிரித்தார். மயில் தோகைக்கு வழி தந்தது எங்கள் வீட்டுப் பரண். ஏதோ ஒரு விசேஷத்துக்கு வாங்கி மிஞ்சிய பிளாஸ்டிக் கரண்டிகள் ஒரு கட்டுக் கிடந்தன. 2022ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து அத்தகைய கரண்டிகளுக்கு நாடெங்கும் தடை. குப்பைக்குப் போக வேண்டியவை. அவற்றின் குழிந்த நுனியைப் பாருங்கள். மயிற்பீலியின் கண் அல்லவா அது?

உடலுக்கு மட்டும் விலை கொடுத்து வாங்கிய பெட்டி ஒன்றைப் பயன்படுத்தினோம். 1/72 அளவிலான ஹெலிகாப்டர் மாதிரி அது. இப்பெட்டிகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை. பொம்மைகளுக்கும் இத்தகைய மாதிரிகளுக்கும் சேர்த்து இறக்குமதித் தீர்வை 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. மாதச் சம்பளக்காரர்க்கு இது எளிதன்று. எனவே ஒரு பெட்டியை வாங்கினால் அதன் சிறு துண்டும் வீணாகக் கூடாது. உறுப்புகளைத் தாங்கி வரும் சட்டத்தைக்கூட மெழுகுவத்திச் சுடருக்கு மேலே காட்டி இளக்கி இழுத்தால் மயிரிழை போன்ற கம்பி கிடைக்கும். மயிலின் கொண்டைக்கு அதுவே ஆயிற்று. நெருப்புள்ள அவ்வேலையை நானே செய்தேன்.

அளவு என்பது இக்கலையின் அறம். 1/72 என்றால், மெய்ப்பொருளில் 72 அங்குலம் இங்கே ஓர் அங்குலம். ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவர் ஏறத்தாழ 2.3 செண்டிமீட்டர் உயரமே இருப்பார். கற்பனை வாகனத்துக்கு மெய்யான அளவு எது என்று கேட்கலாம். ஏறுபவர் மனிதரே அன்றோ? இருக்கையும் படியும் கதவும் மனிதருக்குப் பொருந்தினால், வாகனம் முழுவதும் நம்பும்படி ஆகிவிடும். "அரசிக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, இருக்கையைச் சாய்வாக வைக்க வேண்டும்" என்று என் மகள் சொன்னாள். அவ்வாறே செய்தோம். பழைய கைக்கடிகாரத்தின் பற்சக்கரம் ஒன்று, வலமும் இடமும் திருப்பும் பொறியாக அரசியின் கைக்கெட்டும் இடத்தில் அமர்ந்தது. பேனாவின் சுருள்வில்லும் குண்டூசியும் கால்களாயின. குறுந்தகட்டு உறையை வெட்டி முன்புறத்துக்குச் சாளரம் வைத்தோம். பிளாஸ்டிக்கை ஒட்டும் பசை வெறும் கோந்து அன்று. அது இரு முகங்களையும் சற்றே கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. இடைவெளிகளை எம்-சீலால் நிரப்பி, காய்ந்தபின் நீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தோம்.

இனி வண்ணம். தூரிகையால் பூசினால் கோடுகள் விழும். சிறு பொருளின் மீது அக்கோடுகள் கயிறு போலத் தடித்துத் தோன்றும். அதற்காகவே காற்றுத் தூரிகை, அதாவது ஏர்பிரஷ், பயன்படுகிறது. பேனா அளவான கருவி, நடுவே மெல்லிய ஊசி, முனையில் 0.3 மில்லிமீட்டர் துளை. கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று முனையைக் கடக்கும்போது வண்ணத்தை உறிஞ்சிப் புகை போலத் தூவுகிறது. விசையைக் கீழே அழுத்தினால் காற்று வரும். பின்னே இழுத்தால் வண்ணம் வரும். பால் போல நீர்த்த வண்ணமும், சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 பவுண்டு அழுத்தமும் இருந்தால் போதும். கருவி என்னிடம் இருந்தது. ஆனால் மயில் கழுத்தின் நிறம் எனக்கு வசப்படவில்லை. நீலம் என்றால் நீலம் இல்லை. பச்சை என்றால் பச்சை இல்லை.

முன்னர்ச் சொன்ன சிறுவனின் தந்தையார், அருகிலுள்ள ஒரு பட்டறையில் கார்களுக்கு வண்ணம் அடிப்பவர். டிங்கரிங் முடிந்து வரும் வண்டிக்கு மெருகு ஏற்றுவது அவர் தொழில். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். தந்தையின் தொழிலைப் பற்றிப் பள்ளியில் கேட்டால் அச்சிறுவன் 'கம்பெனியில் வேலை' என்றே சொல்வானாம். இதை என் மகள் எனக்குச் சொல்லியிருந்தாள். அவரை அழைக்கலாமா என்று சிறுவனைக் கேட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது மாமா" என்றான். நானே பட்டறைக்குப் போய் அழைத்தேன். அடுத்த ஞாயிறு, குளித்து வெள்ளைச் சட்டை அணிந்து, விருந்துக்கு வருபவர் போல மாடிக்கு வந்தார்.

மயிலைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. பிறகு கருவியை வாங்கி, வெறுங்காற்றைத் தம் உள்ளங்கையில் அடித்துப் பார்த்தார். "சார், வண்டிக்கு வெளியே தொடங்கி வண்டிக்கு வெளியே முடிக்க வேண்டும். மேலேயே நிறுத்தினால் சொட்டு விழும். கை நிற்கக் கூடாது, மூச்சும் நிற்கக் கூடாது" என்றார். முதலில் கறுப்பு. அது உலர்ந்தபின், மின்னும் நீலத்தைக் கீழ்ப்புறமிருந்து சாய்வாக மெல்லிய புகையாக விட்டார். அடுத்துப் பச்சையை மேற்புறமிருந்து மட்டும் சாய்த்து அடித்தார். ஒரே கழுத்து, கீழிருந்து பார்த்தால் நீலம். மேலிருந்து பார்த்தால் பச்சை. திருப்பினால் இரண்டும் ஒன்றுள் ஒன்று கரைந்தன. நிறத்தைக் கலந்தால் இது வராது, திசையைக் கலந்தால்தான் வரும் என்று அவர் விளக்கினார். சுற்றி நின்ற பிள்ளைகள் "ஆ!" என்றனர். அவர் மகன் வாய் திறக்கவில்லை. தந்தையின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புதிதாய்ப் பளபளக்கும் வாகனம் பொம்மையாகவே தோன்றும். அழுக்குச் சேர்ந்தால்தான் அது உழைத்த வாகனம் ஆகும். இப்பகுதியில் என் அலுவலக அனுபவம் கை கொடுத்தது. சரக்கு வண்டிகளை நாள்தோறும் காண்பவன் நான். தூசி எங்கும் ஒரே சீராகப் படிவதில்லை. சக்கரத்தை அடுத்த பகுதிகளில் பிரேக் கட்டையின் துகள் செம்பழுப்பாய் ஏறும். மழைநீர் வழிந்த இடத்தில் நீண்ட கோடு விழும். ஏணிப்படியில் கால் பட்ட இடம் மட்டும் தேய்ந்து மின்னும். ஆகவே அழுக்கை வைக்குமுன் அது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். மயிற்பொறி இறங்கியது எங்கே? சுடுகாட்டில். எனவே மயிலின் கால்களிலும் வயிற்றிலும் வெளிர்ச்சாம்பல் நிறத்தைக் காய்ந்த தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்தோம். தோகையின் நுனிகளிலும் சிறிது. அதன்பின் அப்பொறியைப் பார்க்கையில், அவ்வளவு அழகிய மயில் எவ்வளவு கொடிய இரவில் இறங்கியது என்பது சொல்லாமலே விளங்கியது.

வேலை நடக்கையில் வண்ணக்காரர் அடிக்கடி இருமினார். பல ஆண்டுகளாகப் பட்டறையில் கரைப்பானின் ஆவியைச் சுவாசித்த இருமல் அது. தலைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டே காலம் தள்ளியதாகச் சொன்னார். இவ்விடத்தில் அன்பர்களுக்கு ஒன்றை வற்புறுத்த விரும்புகிறேன். துணியும் சாதாரண முகக்கவசமும் தூசியை ஓரளவு தடுக்கும். தின்னர் போன்ற கரைப்பானின் ஆவியைத் தடுக்கமாட்டா. அதற்கெனக் கரி அடைத்த வடிகட்டியுள்ள கவசம் தனியே உண்டு. ஓர் அறைக் குடித்தனங்களில் கரைப்பான் வண்ணங்கள் வேண்டவே வேண்டா. நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமே போதும். அதனையும் முகக்கவசம் அணிந்து, திறந்த மாடியில் அல்லது காற்றை வெளியே தள்ளும் விசிறியுள்ள சாளரத்தருகே அடிக்க வேண்டும். சமையல் அடுப்பு எரியும் அறையில் ஒருபோதும் கூடாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் கூடவே கூடாது. அன்று நாங்கள் பயன்படுத்தியதும் நீர் வண்ணமே. "இதில் நாற்றமே இல்லையே!" என்று அவர் வியந்தார். அடுத்த வாரம் அவர் மகன், தான் சேர்த்து வைத்திருந்த காசோடு என்னிடம் வந்து, அப்பாவுக்குக் கரி வடிகட்டிக் கவசம் எங்கே கிடைக்கும் என்று கேட்டான். குறைந்த தொகைக்குக் குறைந்ததை நான் போட்டு, இருவரும் போய் வாங்கி வந்தோம். அவர் அதை அணிகிறாராம், பட்டறையில் மற்றவர்கள் முதலில் சிரித்தார்களாம், இப்போது சிரிப்பதில்லையாம்.

புலவரின் கம்மியனுக்கு ஏழு நாள் பிடித்தது. எங்களுக்கு ஏழு ஞாயிறு பிடித்தது. முடிந்த அன்று சிறுவன் மயிலை உள்ளங்கையில் ஏந்தி, "மாமா, இது பறந்ததா?" என்று கேட்டான். "இல்லை. ஒரு புலவர் நினைத்தார், உன் அப்பா வண்ணம் தந்தார், நீ ஒட்டினாய். பறக்க வேண்டுமானால் கணக்குப் படிக்க வேண்டும்" என்றேன். அவன் சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, அப்படியானால் எவ்வளவு எடைக்கு எவ்வளவு பெரிய சிறகு வேண்டும் என்று கேட்டான். அக்கேள்விக்கு விடை என்னிடம் இல்லை. அவன் கண்ணிலிருந்த ஒளி மட்டும் அணையவில்லை.

விடை இருக்கும் இடங்களுக்கு அவர்களை அழைத்துச் சென்றேன். ஈஜிபுராவிலிருந்து தோம்லூர் வழியே பழைய விமான நிலையச் சாலையில் சென்றால் எச்.ஏ.எல். நிறுவனம் 2001ஆம் ஆண்டு அமைத்த அருங்காட்சியகம் உள்ளது. 1961ஆம் ஆண்டு முதன்முதலில் பறந்த மாருத் போர்விமானம் அங்கே நிற்கிறது. இந்நகரிலேயே உருவாகிய விமானம் அது. அதன் இறக்கையின் கீழே நின்று பிள்ளைகள் ஆணித்தலைகளை எண்ணினர். கப்பன் பூங்காவை அடுத்த கஸ்தூர்பா சாலையில் விசுவேசுவரையா தொழில்நுட்பக் காட்சியகம் உள்ளது. 1962ஆம் ஆண்டு நேரு திறந்து வைத்தது. அங்கே ரைட் சகோதரர்களின் விமானம் முழு அளவில் செய்து வைக்கப்பட்டிருக்கிறது. அதில் பெரும்பகுதி மரச்சட்டமும் துணியும் கம்பியுமே. அதைக் கண்டதும் என் மகள், "அப்பா, மயிற்பொறியிலும் துணியும் நூலும்தானே!" என்றாள். ஒரு நாள் ஓய்வு கிடைப்பின் மைசூர்ப் பாதையில் இரயிலேறி 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னபட்டணத்துக்கும் போய் வரலாம். வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, நிற அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒன்றிவிடும். கம்மியன் எடுத்த அரக்கு இன்றும் இவ்வட்டாரத்தில் பொம்மை வண்டிகளுக்கு நிறம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

நாம் ஊர் விட்டு ஊர் வந்து பிழைப்பவர்கள். நம் பிள்ளைகளுக்கு முன்னோர் பெருமையைச் சொல்ல வேண்டும் என்ற ஆவல் நமக்கு மிகுதியாகவே இருக்கும். அந்த ஆவலில் நடவாததை நடந்ததாகச் சொல்ல வேண்டிய தேவை நமக்கு இல்லை. நடந்தவையும், அழகாக நினைக்கப்பட்டவையும் வேண்டிய அளவு உள்ளன. இரண்டையும் வேறு வேறு பெட்டியில் வைத்துக் கொடுத்தால் பிள்ளைகள் இரண்டையும் பேணுவர். கடையில் வாங்கிய பொம்மை ஒரு வாரத்தில் சலிக்கும். தானே குப்பையிலிருந்து எடுத்து, அளந்து, ஒட்டி, வண்ணமிட்ட பொருள் வீடு மாறும்போதெல்லாம் கூடவே வரும். வண்ணக்காரர் குடும்பம் சென்ற மாதம் நீலசந்திரத்துக்கு வீடு மாறிற்று. ஆட்டோவில் ஏற்றிய சாமான்களின் மேலே, சிறுவனின் மடியில் செருப்புப் பெட்டி ஒன்று இருந்தது. அவன் பள்ளியில் கண்காட்சி வைக்கிறார்களாம். அதில் மயிற்பொறியுடன் ஓர் அட்டையும் வைக்கப் போகிறானாம். செய்தவர்கள் என்ற வரியில் முதற்பெயர் தந்தையின் பெயர். அதன் பக்கத்தில் 'கார் பெயிண்டர்' என்றும் எழுதியிருக்கிறான்.

நம் சங்கத்து அன்பர்கள் தத்தம் தெருவில் தச்சர், கொல்லர், தையற்காரர், வண்ணக்காரர் எனக் கைத்திறன் உடையவர் யாவர் என்று ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். ஒரு ஞாயிறு மாலை அவர்களைப் பிள்ளைகளின் நடுவே உட்காரச் செய்யுங்கள். செலவு ஒரு காப்பி. வரவு மிகப் பெரிது.